வெள்ளம் கெடுத்தது பாதி... வெயில் கெடுப்பது மீதி! நனைந்த மாதா கோவில் பெஞ்சுகளைக் காப்பாற்றுவது எப்படி?

மழை வெள்ளம் தேவாலயத்துக்குள் புகுந்து விட்டது. இரண்டு நாள் கழித்து தண்ணி வடிந்தது. மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில். உடனே என்ன செய்கிறார்கள்? ஊறிக் கிடக்கும் பெஞ்சுகளை எல்லாம் வாசலுக்கு இழுத்து வந்து, நட்ட நடு வெயிலில் வரிசையாகப் போட்டு விடுகிறார்கள்.

பார்க்க நல்ல காரியம் மாதிரிதான் தெரியும். ஆனால் தச்சு வேலை தெரிந்தவர் அந்தப் பக்கம் வந்தால் தலையில் அடித்துக் கொள்வார். காரணம், தண்ணியில் தப்பிப் பிழைத்த தேக்குப் பலகை, அந்த வெயிலில்தான் பிளந்து போகும்!

நூறு வருடத் தேக்கு பெஞ்சை வெள்ளம் சுலபத்தில் கொல்லாது. அவசரம்தான் கொல்லும்.

எல்லாமே டிசம்பர்!

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்ம ஊரில் பெருமழையும் கிறிஸ்துமசும் ஒரே மாதத்தில் வருகின்றன.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி பெய்த மழையை சென்னைவாசிகள் மறக்க முடியுமா? தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் எல்லாம் மிதந்தன. கிறிஸ்துமசுக்கு அப்போது 24 நாள்தான் பாக்கி.

2023-ல் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வெள்ளக்காடு. கிறிஸ்துமசுக்கு மூன்றே வாரம். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! அங்கே கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் கமிட்டிக்காரர்கள் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான். "கிறிஸ்துமசுக்குள்ள எல்லாம் பளபளன்னு இருக்கணும்!"

ஆசை நியாயமானதுதான். ஆனால் மரத்துக்குக் காலண்டர் தெரியாது.

மரத்துக்குள் என்ன நடக்குது?

மரம் என்பது, ஆயிரக்கணக்கான உறிஞ்சு குழல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி. அந்தக் குழல்களின் வாய், பலகையின் வெட்டு முனையில் இருக்கிறது. அதனால்தான் பெஞ்சின் கால், தரையில் நிற்கும் அடிமுனை வழியாக அதிகமாகத் தண்ணி குடிக்கிறது. வெள்ளம் அரை அடிதான் நின்றது என்றாலும், கால் அதற்கு மேலும் ஊறியிருக்கும்.

ஊறிய பலகை நீளவாக்கில் அநேகமாக நீளாது. அகலவாக்கில்தான் உப்பும். ஓரடி அகலத் தேக்குப் பலகை கால் அங்குலம் வரை, சில சமயம் அதற்கு மேலும் அகலும். தேக்கே இப்படி என்றால், மற்ற மரங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதை வெயிலில் போட்டால் என்ன ஆகும்? மேல்தோல் மளமளவென்று காய்ந்து சுருங்கும். உள்ளே இன்னும் ஈரம். உள்மரம் உப்பியபடியே நிற்கும். மேலே இழுப்பு, உள்ளே முறுக்கு. இரண்டுக்கும் நடுவே பலகை "டப்" என்று பிளக்கும். வெயில் பட்ட பக்கம் மட்டும் சுருங்குவதால், பலகை ஓடு மாதிரி வளைந்து போவதும் உண்டு. ஒரு தடவை அப்படிப் பிளந்தால், எந்தக் கொம்பன் ஆசாரி வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. ஒட்டுப் போடலாம், அவ்வளவுதான்.

முதல் நாள் வேலை

அப்படியானால் தண்ணி வடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாரக்காரரை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு காலில் பூட்சு, கையில் ரப்பர் உறை, முகத்தில் மாஸ்க். வெள்ளத் தண்ணியில் சாக்கடையும் கலந்திருக்கும். எலிக் காய்ச்சல் பரவுவது இப்படித்தான்.

சேறு காய்வதற்குள் கழுவி விட வேண்டும். நல்ல தண்ணி, மெல்லிய பிரஷ், பழைய துணி, இது போதும். வேகமாகப் பீச்சி அடிக்கும் பம்பு வேண்டாம். சேற்றில் இருக்கும் மணல், பாலிஷைக் கீறி மரத்தின் ரேகைக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும். காய விட்டுத் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான்.

முழந்தாள் படியில் தைத்திருக்கும் ரெக்சின் மெத்தையைக் கழற்றி விடுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சும் நுரை ரப்பரும் மாதக் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் காப்பாற்றப் பார்த்தால் அடியில் இருக்கும் பலகை போய்விடும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவு, உடுப்பு வைக்கும் அலமாரியின் இழுப்பறை இதெல்லாம் உப்பிப் பிடித்துக் கொண்டிருக்கும். பலங்கொண்ட மட்டும் இழுக்காதீங்க! பின்பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் வரும். வராவிட்டால் அப்படியே விடுங்கள். காய்ந்ததும் தானே தளரும்.

எதைக் கழற்றினாலும் முன்னதாக செல்போனில் நாலு படம் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் சாக்பீசால் நம்பர் போடுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சேர்க்கும்போது எது எந்த பெஞ்சின் கால் என்று தேடி அலைய வேண்டாம்.

நிழலே மருந்து

கழுவித் துடைத்த சாமான்களை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தரையில் வைக்கக் கூடாது. செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். பலகைகளை அடுக்குவதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே கொடுக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே மாதிரி காற்றுப் பட்டால் பலகை வளையாது. மேலே கொஞ்சம் பாரம் ஏற்றி வைப்பதும் நல்லது.

மின்விசிறி போடலாம். ஆனால் நேராகப் பலகையின் மூஞ்சியில் அடிக்கக் கூடாது. அறைக்குள் காற்று சுற்றினால் போதும். பெட்ரோமாக்ஸ், ஹீட்டர், கரி அடுப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது.

நாலைந்து நாளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் பிடிக்கலாம். பயப்பட வேண்டாம். மாஸ்க் போட்டுக் கொண்டு, வெளியே எடுத்துப் போய்த் துலக்கி விட்டு, காற்றை அதிகப்படுத்தினால் அடங்கும்.

இத்தாலியில் செய்தது என்ன?

நிழலில் மெதுவாக உலர்த்துவது நம்ம ஊர் ஆசாரிகள் மட்டும் சொல்லும் வைத்தியம் அல்ல. வெள்ளத்தில் மூழ்கிய தேவாலய மரத்தை உலகமே பார்த்து வியக்கும்படி காப்பாற்றியவர்கள் இத்தாலிக்காரர்கள். அவர்கள் கையாண்டதும் இதே வழிதான்.

1966-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி ஆர்னோ நதி பெருகி, பிளாரன்ஸ் நகரமே மூழ்கியது. சாண்டா குரோச்சே தேவாலய வளாகத்தில், மரப் பலகைகள் மேல் வரைந்த புகழ்பெற்ற ஓவியங்கள் மணிக் கணக்கில் தண்ணிக்குள் கிடந்தன. அந்த நகரத்து நிபுணர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊறிய ஓவியப் பலகைகளை, எலுமிச்சை மரத் தொட்டிகளைப் பாதுகாக்கும் ஒரு பெரிய கட்டிடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே காற்றின் ஈரத்தை முதலில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றி வைத்தார்கள்! பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக் கொண்டே வந்தார்கள். திடீரென்று காய்ந்தால் பலகை சுருங்கி, ஓவியம் உதிர்ந்து விடும் என்ற பயம்தான் காரணம்.

அங்கே மூழ்கியவற்றில் வசாரி என்ற ஓவியர் வரைந்த "கடைசி இராவுணவு" படமும் ஒன்று. ஐந்து பெரிய பலகைகளைச் சேர்த்து வரைந்தது. அது மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தது 2016-ல். ஐம்பது வருடம்!

நம்ம பெஞ்சுக்கு ஐம்பது வருடம் வேண்டாம். ஐம்பது, அறுபது நாளாவது கொடுக்கலாம் அல்லவா?

தராசு சொல்லும்!

சரி, மரம் காய்ந்து விட்டது என்று எப்படித் தெரிந்து கொள்வது? கையால் தொட்டுப் பார்த்தால் ஏமாந்து போவோம். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

ஈரம் பார்க்கும் மீட்டர் கடையில் கிடைக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எத்தனை சதவீதம் என்று காட்டும். வெறும் நம்பரை மட்டும் பார்க்காமல், அதே தேவாலயத்தில் தண்ணி படாத ஒரு தேக்கு ஜன்னலிலும் குத்திப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் காய்ந்தது என்று அர்த்தம்.

மீட்டர் இல்லையா? காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. கழற்றிய பலகை ஒன்றை, வாரம் ஒரு தடவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். ஈரம் போகப் போக எடை குறையும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால், அந்தப் பலகை தயார். ஒரு அங்குலப் பலகைக்கு வாரக் கணக்கு. தடித்த காலுக்கு மாதக் கணக்கு.

மூட்டுப் பிரிந்தால் சந்தோஷப்படுங்க!

"ஐயோ, பெஞ்சு ஆட்டம் கண்டு போச்சே! மூட்டெல்லாம் பிரிஞ்சு போச்சே!" என்று அழ வேண்டாம். பழைய பெஞ்சுகளை ஒட்டியது வஜ்ஜிரத்தால். மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. தண்ணியில் ஊறினால் இளகி விடும். மூட்டு உடையாமல் விட்டுக் கொடுத்ததால்தான் பலகை பிளக்காமல் பிழைத்தது. முரட்டுத்தனமாக ஆணி அடித்த பெஞ்சாக இருந்தால், மரமே கிழிந்திருக்கும்.

காய்ந்த பிறகு கழுந்திலும் துளையிலும் இருக்கும் பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து எடுத்து விட்டு, புதுப் பசை போட்டு, கிளாம்பு வைத்து இறுக்கினால் பெஞ்சு பழையபடி நிற்கும். கிளாம்பு இல்லாவிட்டால் கயிறு கட்டிக் குச்சி வைத்து முறுக்கினாலும் போதும். பழைய மூட்டின் மேல் இரும்பு "எல்" தகடு வைத்துத் திருகுவது வேண்டாம். அது முதலுதவி மாதிரி தெரியும். அடுத்த மழையில் துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். துருப்பிடித்த திருகாணிகளை எடுத்து விட்டுப் பித்தளைத் திருகாணி போடுவது உத்தமம்.

உளுத்துப் போன கால் முனையை மட்டும் வெட்டி எடுத்து, அதே சாதி மரத்தில் புதுத் துண்டு கோர்க்கலாம். பழைய தேக்கோடு பழைய தேக்குதான் சேரும். இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும். காரைக்குடிப் பக்கம் பழைய பர்மாத் தேக்கு விற்பனைக்குப் பேர் போனது.

வெள்ளைப் படலம், கறுப்புக் கறை

பெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறதா? அநேகமாகக் கெட்டது மரம் அல்ல, பாலிஷ்தான். பாலிஷுக்குள் ஈரம் மாட்டிக் கொண்டால் இப்படி வெளுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, பஞ்சு உருண்டையைத் துணியில் சுற்றி, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, நிற்காமல் ஓட்டி ஓட்டித் துடைத்தால் பல பெஞ்சுகளில் அதுவே மறைந்து விடும். சுரண்டவே தேவை இல்லை!

ஆணி, திருகாணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால், அது இரும்புக் கறை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆக்சாலிக் ஆசிட் கரைசலை அந்த இடத்தில் மட்டும் தடவினால் வெளுக்கும். பிறகு நல்ல தண்ணியால் இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டும். இது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மிஷின் வேண்டாம்!

இப்போதெல்லாம் மின்சார மிஷின் வைத்து ஒரே நாளில் பத்து பெஞ்சைத் தேய்த்துக் கொடுத்து விடுகிறார்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் போனது என்ன? கை வைத்து வைத்து மழுங்கிய ஓரம் போச்சு. செதுக்கிய திராட்சைக் கொடி பாதி அழிஞ்சு போச்சு. தாத்தா நினைவாகப் பெஞ்சு கொடுத்தவர்கள் வெட்டி வைத்த பெயரும் வருடமும் போச்சு!

பழைய பாலிஷ் அரக்குப் பாலிஷாக இருந்தால், ஸ்பிரிட்டே அதைக் கரைத்து விடும். தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. 2020-ல் கொரோனா வந்த சமயம், கை கழுவும் சானிடைசர் சிந்திப் பல பெஞ்சுகளில் வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்ததும் இதனால்தான். அதிலும் சாராயச் சத்து இருக்கிறது.

பூச்சி தந்த பளபளப்பு

பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர்தான் சீமைப் பெயர். சரக்கு நம்ம நாட்டுச் சரக்கு! புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி கசிய விடும் பிசினே அரக்கு. ஜார்க்கண்ட் மாநிலத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. அதை ஸ்பிரிட்டில் ஊற வைத்து வடிகட்டினால் பாலிஷ் தயார்.

முதலில் 120, 180, 220 நம்பர் உப்புத்தாள்; ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிளவுகளுக்குப் பட்டி. பிறகு பஞ்சு உருண்டையால் அரக்கை ஓட்ட வேண்டும். ஒரு கை, இரண்டு கை அல்ல. மெல்லிசாகப் பல கை. நடுவே காய விட்டு, தேய்ந்த உப்புத்தாளால் ஒரு தடவல். கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒட்டிக் கொள்ளும். முடிவில் தேன்மெழுகைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

மழைக் காலத்தில் இந்த வேலை சரிப்படாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையின் மேல் குளிர்ச்சி உண்டாகிறது. காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து, புதுப் பாலிஷே வெளுத்து விடும். பாதி காய்ந்த மரத்தின் மேல் தடித்த வார்னிஷ் அடித்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரம் போக வழி இல்லாமல், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, செதில் செதிலாக உரியும்.

பெஞ்சின் அடிப்புறத்தையும் கால் முனையையும் மறந்து விடாதீங்க. தண்ணி குடித்தது அந்த வாய் வழியாகத்தான். அங்கே கறையானுக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் தடவிக் காய விட்டு, பிறகு இரண்டு மூன்று கை பாலிஷ் கொடுத்து வாயை அடைத்து விட வேண்டும். அடியில் ரப்பர்க் குமிழ் வைத்தால் இன்னும் நல்லது.

மெழுகுவர்த்தி ஜாக்கிரதை

ஸ்பிரிட் பெட்ரோல் மாதிரி பற்றிக் கொள்ளும். தேவாலயத்திலோ அணையாத விளக்கும் மெழுகுவர்த்தியும் எரியும். ஆகவே பாலிஷ் வேலையை ஆலயத்துக்குள் வைத்துக் கொள்ளவே கூடாது. வெளியே கொட்டகை போட்டுச் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், நெருப்பே வைக்காமல் அது தானாகச் சூடேறிப் பற்றிக் கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணியில் முக்கி வையுங்கள்.

கடல் தண்ணி என்றால்?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நாகை முதல் குமரி வரை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது உப்புத் தண்ணி. உப்பு மரத்துக்குள் தங்கி விட்டால், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கொண்டே இருக்கும். மரம் காயவே காயாது. கடல் தண்ணி பட்ட சாமானை, உலர்த்துவதற்கு முன்பே நல்ல தண்ணியால் பல தடவை அலச வேண்டும். ஆணி, கீல், பூட்டு எல்லாவற்றையும் கழற்றி விட வேண்டும்.

எதைக் கை விடலாம்?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஊறினால் ரொட்டி மாதிரி உப்பி விடும். அதற்கு வைத்தியம் இல்லை. மலிவான பிளைவுட் ஏடு ஏடாக உரிந்து விட்டால் அதையும் விட்டு விடலாம். பிரம்பு பின்னிய இருக்கை தொய்ந்து போனால் புதுசாகப் பின்னிக் கொள்ளலாம். ஆனால் தேக்கு, தோதகத்தி, வேங்கை, பலா என்று முழு மரத்தில் செய்த எதையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளக் கூடாது.

இங்கேதான் ஏமாற்றமும் நடக்கும். "கறுத்துப் போச்சு ஃபாதர், இது விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லி, பழைய சாமான் வியாபாரி வண்டியோடு வந்து நிற்பார். விறகு விலைக்கு வாங்கிப் போன பெஞ்சு, இழைப்புளி போட்டதும் உள்ளே பொன் மாதிரித் தேக்கு! அந்த விலைக்கு மறுபடி வாங்க முடியுமா? விற்பதற்கு முன் அடிப்புறத்தில் ஒரு ஓரத்தை உளியால் லேசாகச் சீவிப் பாருங்கள். கறுப்பு மேலோடு மட்டும்தானா, உள்ளேயும் உளுத்து விட்டதா என்று உடனே தெரிந்து விடும். விவரம் தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு பலகையைக் கூட வெளியே விடாதீங்க.

இந்த வருஷம் ஜமக்காளம் போதும்

அப்படியானால் கிறிஸ்துமஸ் பூசைக்கு எங்கே உட்காருவது?

இது ஒரு கேள்வியா? தமிழ்நாட்டுக் கிராமத்துக் கோவில்கள் பலவற்றில் பெஞ்சே கிடையாது. பாயிலும் ஜமக்காளத்திலும் உட்கார்ந்துதான் தலைமுறை தலைமுறையாகப் பூசை கண்டார்கள். முடியாத பெரியவர்களுக்கு வாடகை நாற்காலி நாலு வரிசை போட்டால் போதும். ஒரு கிறிஸ்துமஸ் அப்படிக் கழிந்தால் ஒன்றும் குறைந்து விடாது.

அதற்குள் பெஞ்சுகள் நிழலில் நின்று மெல்லக் காயட்டும். தை பிறந்தால் காற்று வறண்டு விடும். தையிலும் மாசியிலும் மூட்டு ஒட்டி, பட்டி பார்த்து, அரக்குப் பாலிஷ் ஓட்டலாம். தவக்காலம் முழுக்க வேலை நடக்கட்டும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் ஈஸ்டர் அன்று, பாட்டன் உட்கார்ந்த அதே பெஞ்சில் பேரன் வந்து உட்காரலாம்!